விடுமுறைக்கு முந்திய வாரம்



அன்பான பெற்றோருக்கும் ஊர் உறவுகளுக்கும்,

இந்த வெள்ளிக்கிழமையோடு நோன்பு விடுமுறை. ஏறக்குறைய ஒரு மாதம் பாடசாலை இல்லை. எங்கள் தரம் 3 பிள்ளைகள் இவ்வாரம் என்ன படித்தார்கள் என்று சொல்லவும், உங்களிடம் ஒரு உதவி கேட்கவும்தான் இந்தப் பதிவு.

தமிழில் 'கொ', 'கோ' வரிசை எழுத்துகளைத் திரும்பவும் எடுத்தோம். வளர்ந்த நமக்கு இது சின்ன விடயம். பிள்ளைக்கு அப்படியில்லை. 'கொடி' என்ற சொல்லில் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. வாயில் முதலில் வர வேண்டியதோ 'க்'. அரவைக் கவனிக்காத பிள்ளை 'கெடி' என்கிறது. கொம்பைக் கவனிக்காத பிள்ளை 'காடி' என்கிறது. புதன்கிழமை வரைக்கும் எழுத்தெழுத்தாகத் தடுக்கிய ஒரு மகள், வியாழனன்று நான்கு வரிக் கதையொன்றைத் தானாக வாசித்து முடித்தார். வகுப்பே கை தட்டியது.

கணிதத்தில் 27 உடன் 15 ஐக் கூட்டினோம். சிலருக்கு விடை 312 வந்தது. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு, அதை அப்படியே கீழே எழுதிவிட்டார்கள். ஈர்க்குகளைக் கொடுத்தோம். பத்து சேர்ந்ததும் இறப்பர் பட்டி போட்டு ஒரு கட்டாக்கி, மற்றக் கட்டுகளோடு வைத்தார்கள். 42 என்ற விடையை அவர்களே கண்டார்கள்.

இனித்தான் எங்கள் கவலை. நன்றாக வாசிக்கும் பிள்ளைக்கு ஒரு மாத இடைவெளி பெரிதல்ல. வியாழன்தான் வாசிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு அது மிகப் பெரிது. 2020 இல் கொரோனாவுக்காகவும் 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டினாலும் பாடசாலைகள் மூடிக் கிடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். திரும்பி வந்தபோது, இப்போதுதான் பிடிபட்டது என்றிருந்ததைத்தான் பிள்ளைகள் முதலில் மறந்திருந்தார்கள்.

இதற்கு டியூஷன் வேண்டாம். பாடப் புத்தகத்தைப் பார்த்துக் கொப்பி நிறைய எழுத வைக்கவும் வேண்டாம். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும் என்று ஆசிரியர் கலாசாலையில் படித்தோம். நோன்பு மாதத்தில் பிள்ளைக்குத் தெரிந்தவை வீடு நிறைய இருக்கின்றன.

சுவரில் தொங்கும் நோன்பு நேர அட்டவணையைப் பிள்ளையே வாசித்துச் சொல்லட்டும். இன்று நோன்பு திறக்க இன்னும் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். ஆளுக்கு மூன்று பேரீச்சம்பழம் என்றால் ஆறு பேருக்கு எத்தனை என்று எண்ணி வைக்கச் சொல்லுங்கள். பிறை கண்ட நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் நிலவை வரையட்டும். மாதத்தின் முதல் பாதியில் மஃரிப் தொழுகைக்குப் பின் தெரியும். பிந்திய பாதியில் அந்த நேரம் காணக் கிடைக்காது; ஸஹருக்கு எழும்பும் பிள்ளைதான் அதைக் காணும். ஏன் என்று கேட்டால், பாடசாலை திறந்ததும் வகுப்பில் பேசுவோம் என்று சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நாளுக்குப் பத்து நிமிடம் பிள்ளை சத்தமாக வாசிக்க வேண்டும்.

நாம் சொன்ன அந்த மகளின் உம்மா வெளிநாட்டில். வளர்ப்பது மூத்தம்மா. "எனக்கு வாசிக்கத் தெரியாதே டீச்சர், நான் எப்பிடிப் புள்ளைக்குச் சொல்லிக் குடுக்குற?" என்று அவர் கேட்டார். "நீங்க சொல்லிக் குடுக்க வேணாம் உம்மா, பக்கத்துல இருந்து கேட்டாப் போதும். கதை உங்களுக்கு விளங்குதெண்டா புள்ள சரியா வாசிக்குது. விளங்கல்லெண்டா திரும்ப வாசிக்கச் சொல்லுங்க" என்றோம். அவருக்கு அது பிடித்துக்கொண்டது. "அப்ப எனக்கும் தினம் ஒரு கதை" என்று சிரித்தார்.

படிக்காத வீடு என்று யாரும் ஒதுங்க வேண்டாம். கேட்பதற்கு ஒரு காது இருக்கும் வீடு போதும். வகுப்பு நூலகத்திலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு கதைப் புத்தகங்கள் கொடுத்து அனுப்புகிறோம். முடிந்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு மாற்றிக்கொள்ளுங்கள். கிழிந்தால் ஏச வேண்டாம், ஒட்டிக்கொள்ளலாம். வாசிக்காமல் புதிதாகவே திரும்பி வந்தால்தான் எங்களுக்குக் கவலை.

அல்லாஹ் நம் எல்லோருடைய நோன்புகளையும் ஏற்றுக்கொள்வானாக. உங்கள் துஆக்களில் எங்கள் வகுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.