வேக வரம்பு யாருக்காக?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு மரக்காணம் என்றால் உப்பளங்கள்தான் ஞாபகம் வரும். வெள்ளை வெள்ளையாய் உப்புக் குவியல், செல்போனில் ஒரு படம், அவ்வளவுதான். அடுத்த சில நிமிடங்களில் கார் அந்தப் பக்கத்தையே தாண்டியிருக்கும்.

ஆனால் எக்கியார்குப்பம் மாதிரியான கடலோரக் குப்பங்களில் இருப்பவர்களுக்கு அதே சாலை வேறு மாதிரி. பஸ் பிடிக்க, மீன் விற்க, உப்பளத்து வேலைக்குப் போக, எல்லாவற்றுக்கும் அந்தச் சாலைக்குத்தான் வர வேண்டும். பல நேரம் அதைக் கடக்கவும் வேண்டும். உப்பு வேலையோ வெயில் ஏறுவதற்கு முன்பே தொடங்குகிற வேலை. எனவே விடிந்தும் விடியாத இருட்டில் சாலையோரம் ஆட்கள் நிற்பார்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் காரின் எதிரே ஒருவர் வந்துவிடுகிறார். ஓட்டுநர் பார்த்துப் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகிறது. அதற்குள் கார் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். காய்ந்த சாலையில் பிரேக் நன்றாகப் பிடித்தாலும் நிற்பதற்கு இன்னும் 20 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 37 மீட்டருக்குள் கார் நின்றுவிடும்.

அதே இடத்தில் 80 கி.மீ. வேகத்தில் வந்தால்? 20 கி.மீ. தானே கூடுதல் என்று தோன்றும். ஆனால் முதல் கார் முழுதாக நின்றுவிட்ட அந்த இடத்தில், இரண்டாவது கார் இன்னும் ஏறக்குறைய 60 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்! நடந்து வருபவருக்கு அது உயிர் பிழைப்பதா இல்லையா என்கிற வித்தியாசம். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான ஆபத்து 4 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதனால்தான். இந்தியாவில் 2022ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் 70 சதவீதத்துக்கும் மேலான சாவுகளுக்கு அதிவேகமே காரணம் என்கிறது மத்திய அரசின் அறிக்கை.

இதனால் மிச்சமாகும் நேரம் எவ்வளவு? மரக்காணத்திலிருந்து புதுச்சேரி சுமார் 35 கி.மீ. வழியில் எங்குமே நிற்காமல் போனால்கூட 9 நிமிடம்தான் மிச்சம்.

"போர்டு வைத்தால் யார் மதிக்கிறார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அகலமான, நேரான சாலையைப் போட்டுவிட்டு ஓரத்தில் 40 என்று எழுதி வைத்தால், கண் போர்டைப் பார்க்கும், கால் சாலையைத்தான் நம்பும். ஊர் வருகிற இடத்தில் சாலையே வேகத்தைக் குறைக்க வைக்க வேண்டும். நடுவில் நின்று கடக்க ஒரு திட்டு, விளக்கு, கேமரா எல்லாம் சேர்ந்தால்தான் அந்த 40க்கு அர்த்தம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, சாலையின் தன்மையைப் பார்த்து ஓர் இடத்துக்கென்று தனி வேக வரம்பு வைக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆகவே சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை.

இதை இப்போதே பேச வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. மரக்காணம் முதல் புதுச்சேரி வரை 46 கி.மீ. தூரத்தை நான்கு வழிச்சாலையாக்க மத்திய அமைச்சரவை 2025 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்தது. சாலை நல்லது, வரட்டும். ஆனால் நான்கு வழி என்றால் வண்டிகளின் வேகம் கூடும், நடப்பவர் கடக்க வேண்டிய அகலமும் கூடும். காருக்கு எத்தனை நிமிடம் மிச்சம் என்று கணக்குப் போடுகிறவர்கள், தலையில் மீன் கூடையோடு ஒரு பெண் அந்த நான்கு வழியையும் கடக்க எத்தனை விநாடி ஆகும் என்றும் ஒரு கணக்குப் போட வேண்டும். வேக வரம்பை அந்த இரண்டாவது கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அடுத்த முறை அந்த வழியாகப் போகிறவர்கள், உப்பளம் கண்ணில் பட்டதும் கொஞ்சம் காலை எடுங்கள். படமும் நன்றாக வரும்.