கடைமடைக்கு வரும் செய்தி

ஜூன் 16, 2025

12ஆம் தேதி மேட்டூர், நேற்று கல்லணை. திறந்தாயிற்று. இனி எங்கள் பக்கம் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: தண்ணீர் எப்போது வந்து சேரும்? கல்லணைக் கால்வாய்க்கு 148 கிலோமீட்டர் நீளம், 1934இலிருந்து ஓடுகிறது. மேலே தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பேராவூரணி வரை எல்லோரும் எடுத்தது போக மிச்சம் வந்து சேரும் இடம் எங்கள் நாகுடியும் மும்பாலையும். வாய்க்கால் தண்ணீரைக் கவனிக்கும் லஸ்கர் அண்ணன், நான் அட்மினாக இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடும் இரண்டு வரியை வைத்துத்தான் நாற்று விடுவதா, பொறுப்பதா என்று முடிவெடுக்கிறோம். அந்த இரண்டு வரிக்கு மேலே இன்று உடனடிக் கடன், பங்குச்சந்தை, வீட்டிலிருந்தே வேலை. கீழே முப்பது காலை வணக்கம். ராத்திரி உட்கார்ந்து குப்பையை எல்லாம் அழித்தேன்.

ஜூன் 18

மறுபடி கடன் விளம்பரம். தண்ணீர் பற்றி ஒன்றும் இல்லை.

ஜூன் 27

வெளியாள் எண் என்றால் யோசிக்க வேண்டியதில்லை, தூக்கிவிடலாம். இன்று வந்தது மாமாவின் பெயரில். அவருடைய படம், அவருடைய எண். ‘பி.எம். கிசான் 20ஆவது தவணை, பட்டியலில் பெயர் பார்க்க’ என்று, போனில் செயலியை நிறுவும் ஒரு ஏ.பி.கே. கோப்பு. பிப்ரவரி 24ஆம் தேதி 19ஆவது தவணை வந்தது. அடுத்த இரண்டாயிரம் இந்த மாதம் வரும் என்று ஊரே காத்திருக்கிறது. காத்திருப்பது தெரிந்துதான் அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான்.

கோப்பை அழித்துவிட்டு மாமாவைக் கூப்பிட்டேன். “நான் எதுவும் அனுப்பலியே மாப்ள, போனு காலையிலேருந்தே சூடா இருக்கு” என்றார். முதல் நாள் யாரோ தெரிந்தவர் பெயரில் இதே கோப்பு அவருக்கு வந்திருக்கிறது. அவர் திறந்து, கேட்டதற்கெல்லாம் ‘அனுமதி’ கொடுத்திருக்கிறார். பிறகு குறுஞ்செய்தியெல்லாம் அவர்கள் கையில், ஓ.டி.பி. வந்தால் அவருக்கு முன்னால் அவர்கள் பார்க்கிறார்கள். அவர் பெயரிலேயே அடுத்த ஆட்களுக்கும் போகிறது.

இணைப்பைத் துண்டித்து, போனை அணைக்கச் சொன்னேன். அவரைக் குழுவிலிருந்து நீக்கினேன். இந்தக் குழுவில் முதல் பெயரே அவருடையதுதான்.

ஜூன் 28

உழவுக்கும் விதைக்கும் வைத்திருந்த பணம் போய்விட்டது. நேற்று ராத்திரியே இணைய மோசடிப் புகார் எண் 1930க்கு நான்தான் பேசினேன். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் நிறுத்தி வைக்க வழி உண்டு. இன்று வங்கிக்கும் போய்விட்டு வந்தோம். பஸ்ஸில் மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது மட்டும், “என்னைய எடுத்துட்டியாமே” என்றார்.

பணத்தைப் பற்றி அவர் அப்படிக் கேட்கவில்லை.

ஜூலை 3

அத்தை வாசலில் நின்று பேசினாள். உள்ளே கூப்பிடவில்லை.

ஜூலை 9

இரண்டு நாளாக இந்தக் குப்பைச் செய்திகளைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படிக்கிறேன். கேட்காதவர்களுக்கு மொத்தமாக விளம்பரம் அனுப்பும் வேலை 1978 மே மாதமே அமெரிக்காவில் தொடங்கிவிட்டது; கணினி விற்கும் கம்பெனிக்காரர் ஒருவர் சுமார் 400 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அனுப்பியவர் யார் என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. திட்ட முடிந்தது.

2018 மே மாதம் நம் திருவண்ணாமலை மாவட்டத்து அத்திமூரில், பிள்ளை பிடிப்பவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி ஒரு வயதான அம்மாவை அடித்தே கொன்றார்கள். நாடெங்கும் அப்படிப் பல சாவுகளுக்குப் பிறகுதான் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடத்துக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு வந்தது. நல்ல கட்டுப்பாடு. ஆனால் மாமாவின் போனிலிருந்து வந்தது ஃபார்வர்டு இல்லை; அவரே உட்கார்ந்து அனுப்பியது மாதிரி வந்தது.

அட்மினாக இருப்பவன் மேல் வழக்கு வருமா என்றும் தேடினேன். கரூர் வழக்கறிஞர்கள் குழு ஒன்றின் வழக்கில், வெறும் அட்மின் என்றால் அவர் பெயரை வழக்கிலிருந்து எடுக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. சட்டம் என்னை விட்டுவிடும். அத்தையிடம் அந்தத் தீர்ப்பு செல்லாது.

ஜூலை 12

அதே கோப்பு, இந்த முறை தம்பி முறையுள்ள ஒருவன் பெயரில். அட்மின் மட்டும் எழுதலாம் என்று குழுவைப் பூட்டினேன். வேறு வழி தெரியவில்லை.

ஜூலை 14

சுத்தம். கடன் விளம்பரம் இல்லை, காலை வணக்க ரோஜாப்பூ இல்லை. லஸ்கர் அண்ணனையும் அட்மின் ஆக்கிவிட்டதால் அவர் இரண்டு வரி தனியாக நிற்கிறது. நேற்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

ஜூலை 19

கிளை வாய்க்காலில் கரை உடைந்து தண்ணீர் பொட்டலில் ஓடியிருக்கிறது. விடியற்காலை மாடு ஓட்டிப்போன பையன் பார்த்துப் படம் எடுத்திருக்கிறான். குழுவில் போட முடியவில்லை. என் எண் அவனிடம் இல்லை. மத்தியானம் டீக்கடையில் ஒருவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். மண்மூட்டை அடுக்கி அடைத்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

அந்தப் பையன் தினமும் ரோஜாப்பூப் படம் போடுகிறவன். தினமும் அழிப்பேன்.

ராத்திரி பூட்டைத் திறந்துவிட்டேன்.

ஜூலை 24

மாமாவுக்கு உடைப்பு விஷயமே நேற்றுத்தான் தெரியுமாம். அவர் வயல் அந்த வாய்க்கால் பாசனம். போனைச் சுத்தமாகத் துடைத்து வாங்கியாயிற்று, எண்ணும் அதேதான். பணத்துக்கு இன்னும் பதில் இல்லை. “தண்ணி வந்தா யாராச்சும் சொல்லுவாக” என்று அத்தையிடம் சொன்னாராம். என்னிடம் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 2

இன்று பி.எம். கிசான் 20ஆவது தவணையை விடுவித்துவிட்டார்கள். வாரணாசியில் விழா. நாளை ஆடிப்பெருக்கு. ஊரில் முகமெல்லாம் மலர்ந்திருக்கிறது.

சாயங்காலமே குழுவில் புதுக் கோப்பு: ‘தவணை வராதவர்கள் இங்கே அழுத்தவும்’. உள்ளூர் ஆள் ஒருவர் பெயர்தான். அழித்தேன். அதற்குள் இரண்டு பேர் திறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். ஒருவர் போனை எடுத்துவிட்டார், 1930க்குப் பேசச் சொல்லியிருக்கிறேன். இன்னொருவர் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட வேண்டும்.

மாமாவை இன்று சேர்க்கலாம் என்று நினைத்திருந்தேன். சேர்த்தால் இந்தக் கோப்புகளுக்கு நடுவில்தான் அவரை உட்கார வைக்கிறேன். சேர்க்காவிட்டால் தண்ணீர் வருவது அவருக்குத் தெரியாது. அவர் எண் மட்டும் திரையில் திறந்து கிடக்கிறது, இன்னும் எதையும் அழுத்தவில்லை.