கைக்குத் தெரியும் வேகம்

ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி ஒரு குடும்ப இதழில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். வளைகுடா நாடுகளில் ஸ்டியரிங் பிடித்தே ஊரில் வீட்டு அடுப்பு எரியச் செய்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அவர்களுள் நானும் ஒருவன். துபாயில் ஓர் அரபுப் பெரியவரின் கார்களைப் பராமரிப்பதே இருபதாண்டுகளுக்கும் மேலாக என் தொழில். அவருடைய ஷெட்டில் இரண்டு போர்ஷே 911 கார்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று 1986ஆம் ஆண்டு வண்டி. மற்றொன்று 2020ஆம் ஆண்டு வண்டி. ஒரே நிறுவனம், ஒரே பெயர், எஞ்சினைப் பின்புறத்தில் வைக்கும் ஒரே வழக்கம். ஆயினும் இரண்டையும் ஓட்டியவனுக்கு அவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று நம்புவது கடினம்.

நிறுத்தியே வைத்தால் வண்டி கெட்டுவிடும். ஆகவே விடுமுறை நாட்களில் சுப்ஹு தொழுகை முடிந்ததும், வெயில் ஏறுமுன், இரண்டில் ஒன்றை அல்ஐன் நகரை ஒட்டிய ஜபல் ஹஃபீத் மலைக்குக் கொண்டு சென்று வருவேன். சுமார் 12 கிலோமீட்டர் மலைச்சாலை; வளைவுக்குப் பின் வளைவு. ஒரு காரின் குணத்தை அறிய அதைவிடச் சிறந்த இடத்தை நான் கண்டதில்லை.

பழைய காரில் பவர் ஸ்டியரிங் கிடையாது. நிற்கும்போது திருப்பினால் தோள் வலிக்கும். ஓடத் தொடங்கிவிட்டாலோ, சாலையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் உள்ளங்கைக்கு வந்து சேரும். வளைவில் முன்சக்கரங்களின் பிடி தளரும்போது ஸ்டியரிங் இலேசாகிவிடும். கண்ணுக்கு முன்னே கை அறிந்துகொள்ளும். எண்ணெய் சூடேறும்வரை இரண்டாவது கியரை வற்புறுத்தக் கூடாது. பொறுமையாகக் கேட்டால்தான் தரும். எஞ்சினைக் குளிர்விப்பது தண்ணீர் அன்று, காற்று. அந்த விசிறியின் இரைச்சலையும் எஞ்சினின் குரலையும் கேட்டே, மீட்டரைப் பாராமல், அடுத்த கியருக்கு நேரமாயிற்று என்று சொல்லிவிடலாம். ஐரோப்பாவில் விற்ற இவ்வகை வண்டிக்கு 231 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் அது பெரிதன்று. ஆனால் எண்பதில் போகும்போதே நாம் விரைந்து செல்கிறோம் என்பதை உடல் முழுவதும் உணரும்.

புதியதற்கு 450 குதிரைத்திறன். இரண்டு டர்போக்கள், எட்டு கியர்களையும் தானே மாற்றிக்கொள்ளும். நூறு கிலோமீட்டர் வேகத்தை நான்கு விநாடிக்குள் எட்டிவிடும். எடை ஏறத்தாழ 1,500 கிலோ, பழையதைவிடச் சுமார் 300 கிலோ கூடுதல். அந்த எடை எங்கே போயிற்று என்று தெரியாதபடி வளைவுகளில் ஒட்டிக்கொண்டு செல்கிறது. 2011இல் அறிமுகமான தலைமுறையிலிருந்து 911இன் ஸ்டியரிங்கிற்கு மின்மோட்டார் துணை செய்கிறது. துல்லியத்தில் குறை சொல்ல இடமில்லை. பேச்சுத்தான் குறைந்துவிட்டது. நெடுஞ்சாலையில் 120இல் செல்லும்போதும் வீட்டு முற்றத்தில் அமர்ந்திருப்பது போலவே இருக்கும்.

இந்தக் காரில் ஒரு வசதி என்னை வியப்பில் ஆழ்த்தியது. முன்சக்கரங்களின் மேற்கூட்டுக்குள் ஒலியை உணரும் கருவிகளைப் பொருத்தியுள்ளனர். சாலையில் தேங்கிய நீர் தெறிக்கும் ஓசையைக் கேட்டு, வண்டியே ஓட்டுபவரை எச்சரிக்கிறது. பழைய காரில் அந்த ஓசையைக் கேட்டது என் காது. இப்போதோ என் காதுக்கு வரும் ஓசைகளையெல்லாம் அடக்கிவிட்டு, கார் தனக்கென்று ஒரு காது வைத்துக்கொண்டிருக்கிறது! (2011இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 காரில், எஞ்சின் ஒலியை உள்ளேயிருக்கும் ஒலிபெருக்கி வழியாகவே கேட்கச் செய்தார்கள் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.)

இவ்வளவு சொல்வதால் பழையதே உயர்ந்தது என்று நான் வாதிடுவதாக எண்ண வேண்டா. அந்தக் கார் பொல்லாதது. வளைவில் வேகமாக நுழைந்துவிட்டு, பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், பாரம் முன்பக்கம் சாயும். பின்சக்கரங்களின் பிடி குறையும். பின்னாலிருக்கும் கனத்த எஞ்சின் வண்டியையே சுழற்றிவிடும். அதில் ஏபிஎஸ் பிரேக் இல்லை. சறுக்கும் சக்கரத்தைத் தனியே பிடித்து நிறுத்தும் மின்னணுக் கட்டுப்பாடு மெர்சிடிஸ் கார்களில் வந்ததே 1995இல்தான். 911க்கு வந்தது 1998இல். அக்கட்டுப்பாட்டினால் உயிர் தப்பியவர்களுக்கு ஸ்டியரிங்கின் பேச்சைப் பற்றிய என் கவலை வேடிக்கையாகவே தோன்றும்.

சென்ற ஆண்டு முதலாளியின் இளைய மகனுக்கு லைசென்ஸ் கிடைத்தது. எந்தக் காரை அவன் கையில் கொடுக்கலாம் என்று அவர் என்னிடம் கேட்டார். விளையாட்டாகக் கேட்டதன்று. தம் அண்ணன் மகனை நெடுஞ்சாலை விபத்தில் பறிகொடுத்தவர் அவர். அன்றிரவு நான் உறங்கவில்லை. பழையது அச்சத்தைக் கற்றுக்கொடுக்கும். ஆனால் பிழையைப் பொறுக்காது. புதியது பிழையைப் பொறுக்கும். ஆனால் அச்சத்தையே மறக்கடித்துவிடும். மறுநாள் என் கருத்தைச் சொன்னேன். தனியே செல்லும்போது புதியதைத்தான் எடுக்க வேண்டும். அதற்கு முன், நான் பக்கத்தில் அமர்ந்திருக்க, பழையதில் சில மாதங்கள் மலையேற வேண்டும். அறுபதைத் தாண்டக் கூடாது. பெரியவர் நெடுநேரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

பையனுக்கு முதலில் பிடிக்கவில்லை. "இது கிழட்டு ஒட்டகம், அம்மி" என்றான். (நம் வீட்டு அம்மிக்கல் அன்று, அரபியில் அதற்கு 'என் சாச்சா' என்று பொருள்.) இரண்டாவது கியரோடு மூன்று வாரம் மல்லுக்கு நின்றான். ஐந்தாவது முறை ஏறும்போது, ஒரு வளைவின் தொடக்கத்தில் அவன் பதறிக் காலை எடுக்காமல், மெல்ல, மிக மெல்ல வேகத்தைக் குறைத்தான். ஏன் என்று கேட்டேன்.

"ஸ்டியரிங் இலேசாயிற்று, அம்மி. கீழே ஏதோ கிடக்கிறது."

சற்றுத் தள்ளி ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து வந்து பார்த்தோம். இரவுக் காற்று கொண்டுவந்து சேர்த்த மணல், தாரின் நிறத்தோடு நிறமாக, மெல்லிய படலமாகக் கிடந்தது.