பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடும் முன்: லினக்ஸ் பற்றி ஒரு த்ரெட்

1/
"டாக்டர், விண்டோஸ் 10க்கு இனி அப்டேட் வராதாமே. பொண்ணு காலேஜுக்கு இஎம்ஐ போட்டு புது லேப்டாப் வாங்கவா?" எங்க வார்டு சிஸ்டர் கேட்டாங்க. இதே கேள்வி பலருக்கும் இருக்கும், அதான் இந்த த்ரெட்.

2/
விண்டோஸ் 10க்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14ஓட நின்னாச்சு. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேணும், இன்டெல் ப்ராசஸர்னா பெரும்பாலும் 8ஆம் தலைமுறையோ அதுக்கு மேலயோ இருக்கணும். நல்லா ஓடிட்டு இருக்குற பல லேப்டாப் இந்த இடத்துல ஃபெயில்.

3/
அப்டேட் இல்லன்னா என்ன ஆகும்? 2017 மே மாதம் வான்னக்ரை வைரஸ் பிரிட்டன் அரசு மருத்துவமனைகளை முடக்குச்சு. 19,000க்கும் மேல அப்பாயின்ட்மென்ட் ரத்தாகியிருக்கும்னு மதிப்பிட்டாங்க. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்லயே வந்துடுச்சு. தடுப்பூசி கையில இருந்தும் போடாம விட்ட கதைதான்.

4/
"கிராக் விண்டோஸ் போட்டுத் தர்றேன்"னு கடையில சொல்வாங்க. ஊர் மெடிக்கல்ல காய்ச்சலுக்குத் தர்ற 'செட் மாத்திரை' மாதிரி அது. உடனே கேக்கும். உள்ள என்ன கலந்திருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, பல நேரம் கொடுத்தவருக்கும் தெரியாது. ஆன்ட்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொல்ற எதையும் நம்பாதீங்க.

5/
இன்னொரு வழி லினக்ஸ். 1991ல லினஸ் டோர்வால்ட்ஸ்ங்கிற ஃபின்லாந்து மாணவர் ஆரம்பிச்சது. இலவசம், மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும். உங்க ஆண்ட்ராய்டு போனுக்குள்ள இருக்கும் கெர்னலும் இதுதான். ஆக, நீங்க ஏற்கனவே லினக்ஸ் யூசர்!

6/
உபுண்டு, மின்ட், ஃபெடோரான்னு பேர்களைப் பார்த்து பயப்படாதீங்க. பாராசிட்டமால் ஒன்னுதான், அட்டைல பேர் வேற. முதல் தடவைன்னா என் சாய்ஸ் லினக்ஸ் மின்ட். 8 ஜிபி ராம் இருந்தா சின்னமன், 4 ஜிபின்னா எக்ஸ்எஃப்சிஇ.

7/
டெஸ்ட் டோஸ் போடாம ஊசி போடாதீங்க. மின்ட்டை ஒரு 8 ஜிபி பென்டிரைவ்ல ஏத்தி, இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சவுண்ட், கேமரா, பிரின்டர் எல்லாம் வேலை செய்யுதான்னு பாருங்க. பென்டிரைவ்ல மெதுவாத்தான் இருக்கும், அதை வச்சு முடிவு பண்ணாதீங்க.

8/
யாருக்கு ஒத்துக்காது?
• டாலி, போட்டோஷாப்ல பிழைப்பு நடத்துறவங்க
• சில ஆன்லைன் கேம் ஆடுறவங்க
• டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வச்சிருக்கவங்க (முதல்ல விசாரிங்க)
• காலேஜ் பாடத்துக்கு விண்டோஸ் சாஃப்ட்வேர் கட்டாயம்னு சொன்னவங்க
இவங்களுக்கு நான் லினக்ஸ் எழுதித் தர மாட்டேன்.

9/
பிரவுசர், ஜூம், யூடியூப், நெட் பேங்கிங், தமிழ்99 டைப்பிங், எல்லாம் ஓகே. எம்எஸ் ஆபீஸுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ். வேர்டு ஃபைல்ல சில இடத்துல ஃபார்மட் நகரும். அடுத்தவங்களுக்கு அனுப்பும்போது பிடிஎஃப்பா அனுப்புங்க.

10/
ஆபரேஷனுக்கு முன்னாடி கன்சென்ட் மாதிரி, இன்ஸ்டாலுக்கு முன்னாடி பேக்கப். டிஸ்க்கை அழிக்கவான்னு ஒரு இடத்துல கேட்கும். ஆமான்னா கல்யாண போட்டோ முதல் மார்க்‌ஷீட் ஸ்கேன் வரை எல்லாம் போச்சு. வெளி ஹார்ட் டிஸ்க்ல எடுத்துவச்சு, அது திறக்குதான்னும் பார்த்துட்டுத் தொடங்குங்க.

11/
லினக்ஸ் போட்டா வைரஸே வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அப்டேட் இங்கயும் போடணும். ஓடிபி கேட்டு வர்ற போன் காலை எந்த ஆபரேட்டிங் சிஸ்டமும் தடுக்காது.

12/
சிஸ்டருக்குச் சொன்னது: முதல்ல காலேஜ்ல கேளுங்க. விண்டோஸ் கட்டாயம் இல்லன்னா, இருக்குற லேப்டாப்ல ஒரு எஸ்எஸ்டி மாட்டி மின்ட் போட்டுப் பாருங்க. ஒரு செமஸ்டர் ஓடட்டும். பத்தலைன்னா அப்ப வாங்கிக்கலாம், கடை எங்கயும் ஓடிடாது.

உங்க லேப்டாப் எந்த வருஷம், ராம் எவ்வளவு, என்ன வேலைக்குன்னு கீழ போடுங்க. டியூட்டி முடிஞ்சதும் பதில் சொல்றேன்.