நான்கு மணி நேரத்து ஊர்

"சார், சென்னை எவ்வளவு தூரம்?" என்று ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். சுவரில் தொங்கிய உலகப் படத்தைக் காட்டி, "கோலாலம்பூரிலிருந்து சுமார் 2,600 கிலோமீட்டர். விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம்" என்றேன். கணக்கு சரிதான். ஆனால், இதே தூரத்தைக் கடக்க என் தந்தையாருக்கு எழுபது ஆண்டுகள் ஆயின!

எங்கள் வீடு பண்டமாரானில். போர்ட் கிள்ளான் துறைமுகம் சில கிலோமீட்டர் தூரந்தான். அதன் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாமாக இருந்த 1953-ஆம் ஆண்டில், ஆறு வயதுச் சிறுவனாக, தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா 'ராஜூலா' கப்பலிலிருந்து இறங்கியது அங்கேதான். சென்னையில் ஏறி, நாகப்பட்டினம், பினாங்கு வழியாக வந்துசேர ஏறக்குறைய ஒரு வாரம். வந்தவாசிக்கு அருகே ஒரு கிராமத்தில், பாட்டிக்குத் துணையாக அக்காளை விட்டுவிட்டு வந்தார்கள்.

'ராஜூலா' 1973-இல் ஓய்வு பெற்றது. பின்னர் ஓடிய 'சிதம்பரம்' கப்பலும் 1985-இல் தீ விபத்துக்குள்ளானதோடு நின்றது. அதன்பின் விமானந்தான். அப்பாவோ, "அடுத்த தீபாவளிக்குப் பார்ப்போம்" என்பார். பால்மரம் வெட்டிய நாளில் பணம் இல்லை. பணம் சேர்ந்தபோது பிள்ளைகள் படிப்பு. பிறகு விமானம் என்றால் பயம்.

சென்ற ஆண்டு, "அத்தைக்கு முடியவில்லை" என்று தொலைபேசி வந்தது. விசா எடுத்ததும் அப்பாவை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பி, சிப்பாங் விமான நிலையத்தில் ஒன்பது மணிக்கு விமானம் ஏறினோம். மலாக்கா நீரிணை, சுமத்திராவின் வடமுனை, நிக்கோபார் தீவுகள், அப்புறம் வங்கக்கடல். சென்னையில் இறங்கியபோது அங்கே மணி பத்தரைதான். "ஒன்றரை மணி நேரமா?" என்று அப்பா வியந்தார். இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி பின்தங்கியது என்று விளக்கினேன். திரும்பும்போது அதே பயணம் கடிகாரத்தில் ஆறரை மணி நேரமாகத் தெரியும்.

அங்கிருந்து வாடகைக் காரில் ஏறி, பிற்பகல் மூன்று மணிக்குக் கிராமத்தை அடைந்தோம். வாசல் முதல் வாசல் வரை கணக்கிட்டால் ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரம்.

அத்தைக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. அப்பாவின் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "கப்பல்லயா வந்தே தம்பி? எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார்.

"காலையிலேதான் கிளம்பினேன் அக்கா" என்றார் அப்பா. மேலே பேச முடியவில்லை. சிறு பிள்ளைபோல் விம்மி அழுதார்.

நாங்கள் திரும்பிய மறுமாதம் அத்தை காலமானார்.

அன்பு வாசகர்களே, உங்கள் வீட்டிலும் அக்கரையில் உடன்பிறப்பை விட்டுவந்த முதியவர் இருக்கலாம். அவருடைய கடப்பிதழ் இன்னும் ஆறு மாதமாவது செல்லுமா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். மருந்துகளைக் கைப்பையிலேயே வையுங்கள். நடக்க இயலாதவருக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அடுத்த தீபாவளிக்கென்று மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.