கையளவுத் திரையும் மேசைத் திரையும்

மேசைக்கணினியில் உள்ள குரோம் உலாவிக்கும் கைப்பேசியில் உள்ள குரோம் உலாவிக்கும் பெயர் ஒன்று, சின்னமும் ஒன்று. ஆயினும் இரண்டையும் ஒரே கருவி எனக் கொள்வது பொருந்தாது. ஐபோனிலோ பெயருக்கும் உள்ளிருப்பதற்குமே தொடர்பில்லை. எந்த நிறுவனத்தின் உலாவியை நிறுவினாலும் உள்ளே இயங்குவது ஆப்பிளின் வெப்கிட் இயந்திரமாகவே நெடுங்காலம் இருந்தது. 2024ஆம் ஆண்டில்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் அக்கட்டுப்பாடு தளர்ந்தது.

1990ஆம் ஆண்டு ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கிய முதல் உலாவியில் பக்கங்களைப் படிப்பதோடு எழுதவும் திருத்தவும் முடிந்தது. அமர்ந்து பணிபுரிவோருக்கான கருவி அது. மேசைக்கணினி உலாவி இன்றும் அவ்வியல்பை முற்றும் இழக்கவில்லை. இரு பக்கங்களை அருகருகே வைத்து ஒப்பிடலாம். பக்கத்தின் மூல நிரலையும் திறந்து பார்க்கலாம்.

2007இல் வெளிவந்த ஐபோன், கணினிக்கென அமைந்த முழுப் பக்கத்தையும் உள்ளங்கைக்குள் கொண்டுவந்தது. எழுத்துகள் கடுகளவாயின. திரையின் அகலத்திற்கேற்பப் பக்கமே தன்னை மாற்றிக்கொள்ளும் வடிவமைப்பை 2010இல் ஈதன் மார்காட் முன்வைத்தார். படிக்கும் இடர் பெரிதும் நீங்கியது.

நீங்காத இடர் வேறொன்று. கணினியில் சுட்டியை ஓர் இணைப்பின்மேல் நிறுத்தினால், அது செல்லவிருக்கும் முகவரி திரையின் அடியில் தோன்றும். விரலுக்கு அவ்வாறு நிறுத்திப் பார்க்கும் வழியில்லை, தொட்டால் திறந்துவிடும். முகவரிப் பட்டையும் குறுகியது. பக்கத்தை நகர்த்தத் தொடங்கியதும் பெரும்பாலும் மறைந்துவிடுவது. வங்கிக் கணக்கு முடங்கிவிடும் என அச்சுறுத்தும் போலிக் குறுஞ்செய்தி வந்து சேர்வதோ இக்கைப்பேசிக்கே. கணினியே இல்லாத வீட்டில், வந்த முகவரி மெய்யா பொய்யா என ஆராயும் பொறுப்பு முழுவதும் இச்சிறு திரையின்மேல் விழுகிறது.

விண்ணப்பம் நிரப்புவோர் படும் பாடு தனி. ஒருமுறைக் கடவுச்சொல்லைக் காணக் குறுஞ்செய்திக்குச் சென்று மீள்வதற்குள், நினைவகம் குறைந்த கைப்பேசி பக்கத்தை மீண்டும் முதலிலிருந்து ஏற்றிவிடக்கூடும். நிரப்பிய விவரங்கள் மறைந்துபோகும்.

இணைப்பை விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் முகவரியைக் காட்டும் வசதி கைப்பேசி உலாவிகளிலும் உண்டு. அப்படியொரு வசதி இருப்பதைத் திரை எங்கும் சொல்வதில்லை.