தழும்பு சிறியது, ஓய்வு சிறியதல்ல

பட்டா விஷயமாகப் பேசத்தான் அந்தச் சேரிக்குப் போயிருந்தோம். கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெரியம்மா எங்களை ஓரமாக அழைத்து, "அடி எறங்கிக் கெடக்கு கண்ணு, பன்னெண்டு வருசமாச்சு" என்றார். தும்மினால் சிறுநீர் கசியும். பழைய சேலைத் துணியை மடித்து வைத்துக்கொண்டுதான் நாற்று நடுகிறார்.

சாதியும் உடலும் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் நாங்கள். ஆனாலும் இத்தனை வருடக் களப்பணியில் ஒரு பெண்ணிடமும் இதைக் கேட்டதில்லை.

இடுப்பின் அடித்தளத் தசைகளும் தசைநார்களும் தளர்ந்தால் கருப்பையும் சிறுநீர்ப்பையும் கீழிறங்கும். பிரசவம், மாதவிடாய் நிற்பது, தீராத இருமல், பாரம் தூக்குவது எல்லாமே காரணங்கள். பிள்ளை பெற்ற இருபதாம் நாளே நெல்மூட்டை தூக்கியவர் இவர்.

முதலில் போன மருத்துவமனையில், "வயசாயிடுச்சு, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்று ஒரே வரியில் முடித்தார்கள். எங்களுக்கு மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் நினைவுக்கு வந்தது. அங்கே கரும்பு வெட்டும் பெண்கள் பலரின் கருப்பை அகற்றப்பட்டது 2019இல் நாடறிந்த செய்தி. கருப்பையை எடுப்பதால் மட்டும் தளர்ந்த தாங்குதசை இறுகிவிடாது.

வேறு வழிகள் உண்டு. ஆரம்ப நிலையில் தசைப் பயிற்சி உதவும். உள்ளே பொருத்தும் சிலிக்கான் வளையம் உண்டு. வயிற்றைக் கிழிக்காமல் பிறப்புறுப்பு வழியாகவே தைத்துச் சரிசெய்யலாம். லேப்ராஸ்கோப்பியில் சிறு துளைகள் வழியே, கருப்பையை வைத்துக்கொண்டே, வலை கொண்டு முதுகெலும்பின் அடியோடு இணைத்துத் தூக்கி நிறுத்தலாம். ஆனால் இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் வலைகளின் விற்பனையை அமெரிக்க எஃப்.டி.ஏ. 2019 ஏப்ரலில் நிறுத்தியது. ஆகவே, "வலை வைப்பீர்களா, எந்த வழியாக?" என்று கேட்பது நம் உரிமை.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். துளை அறுவைதான், சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது என்றார். பெரியம்மா கேட்டார்: "மூணு மாசம் ஒக்காந்தா கூலி யாரு குடுப்பா?"

மருத்துவரிடம் பதில் இல்லை. எங்களிடமும் இல்லை.

இப்போதைக்கு வளையம் பொருத்தியிருக்கிறார். அறுப்பு முடிந்ததும் அறுவை. அந்த மூன்று மாதத்துக்கு மகளிர் குழு அரிசியும் பணமும் சேர்க்கிறது. ஆனால் இது குழுவின் தலையில் விழ வேண்டிய சுமையல்ல. அறுவைக்குப் பிந்தைய ஓய்வுக்கும் கூலி கேட்க வேண்டும் தோழர்களே. அடுத்த கூட்டத்தில் பட்டாவோடு இதையும் பேசுவோம். பெண்கள் மட்டும் இருக்கும் நேரத்தில், முதலில் நாமே கேட்போம்.